வாங்கின மெமரியை யார் திருப்பிக் கொடுக்கறது? மரக்காணம் உப்பளத்துல ஒரு டிரைவர் படுத்தின பாடு



ஒரு வரி கோட் எழுதாம விட்டதால என் சித்தப்பாவோட உப்பளத்துல ஒரு பாத்தி உப்பு வீணாச்சு. மிகைப்படுத்தலை, நிஜமாவே நடந்தது. அந்த ஒரு வரி என்ன, அது ஏன் விட்டுப்போச்சு, அப்படி விட்டுப்போகாம இருக்க லினக்ஸ் கெர்னல் ஆளுங்க கிட்டத்தட்ட 20 வருஷமா என்னென்ன வழி கண்டுபிடிச்சிருக்காங்கன்னு இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம்.

ஓ.எஸ். பேப்பரை அரியர் இல்லாம தாண்டினா போதும்னு இருக்கறவங்களும் தைரியமா படிக்கலாம். சி-யில பாயிண்டர்னா என்னன்னு ஓரளவு தெரிஞ்சா போதும். கோட் பெயர்களை நாம வாயால சொல்ற மாதிரியே தமிழ்ல எழுதியிருக்கேன். கே-மாலாக், கே-ஃப்ரீன்னு பார்த்தா பயந்துடாதீங்க.

முதல்ல உப்பளம்

ஈ.சி.ஆர்.ல புதுச்சேரி போறப்போ மரக்காணம் பக்கம் ரோட்டோரமா வெள்ளை வெள்ளையா குவிச்சு வெச்சிருப்பாங்களே, அதான் எங்க ஊர் உப்பு. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு, தை மாசம் வாக்குல பாத்தி கட்ட ஆரம்பிச்சா, அடுத்த மழை வரைக்கும் சீசன்.

உப்பு எடுக்கறதுல பெரிய சூட்சுமம் 'டிகிரி'. பாமே டிகிரின்னு பேர். தண்ணி எவ்வளவு அடர்த்தியா இருக்குன்னு சொல்ற அளவு. கடல் தண்ணி கிட்டத்தட்ட 3.5 டிகிரி. வெயில்ல காய்ஞ்சு காய்ஞ்சு 25 டிகிரி வந்ததும் உப்பு படிய ஆரம்பிக்கும். 29, 30-ஐ நெருங்கறதுக்குள்ள மிச்சத் தண்ணியை வெளியேத்திடணும். ஏன்னா அந்தத் தண்ணியில மெக்னீசியம் உப்புகள் ஏறியிருக்கும். அதுவும் சேர்ந்து படிஞ்சா உப்பு கசக்கும், காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து நசநசன்னு ஆகிடும். வியாபாரி தொட்டுப் பார்த்ததுமே விலையைக் குறைப்பார்.

சித்தப்பா இதை ஹைட்ரோமீட்டர் வெச்சுப் பார்ப்பார். ஸ்கூல் லேப்ல நாம மிதக்கவிட்டோமே, அதே கண்ணாடிக் குழாய்தான். ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை வெயில்ல நடந்து போய்ப் பார்க்கணும்.

நாங்க மூணு பேர் சேர்ந்து ஃபைனல் இயர் ப்ராஜெக்டா இதையே எடுத்தோம். ஐடியா ரொம்ப சிம்பிள். 200 மில்லி கன அளவுள்ள ஒரு குண்டை லோடு செல்லுல கட்டி தண்ணிக்குள்ள தொங்கவிடணும். ஆர்க்கிமிடிஸ் சொன்னபடி, அடர்த்தி ஏற ஏற குண்டோட எடை குறையும். கடல் தண்ணியில 205 கிராம் குறையும். 25 டிகிரியில 242 கிராம், 29-ல 250 கிராம். இந்த 8 கிராம் வித்தியாசத்துக்குள்ளதான் நல்ல உப்பும் கசப்பு உப்பும் இருக்கு.

லோடு செல் சிக்னலைப் படிக்க எச்.எக்ஸ்.711 சிப். அதைப் படிக்க 512 எம்.பி. ரேம் இருக்கற ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ போர்டு. இந்தச் சிப்புக்கு லினக்ஸ்லயே டிரைவர் இருக்கு. ஆனா, "நீங்களே எழுதினாதான் கத்துப்பீங்க"ன்னு கைடு சொல்லிட்டார். சரின்னு நாங்களே எழுதினோம். 28 டிகிரியைத் தாண்டினா சித்தப்பா போனுக்கு எஸ்.எம்.எஸ். போகும்.

காலேஜ் லேப்ல ஒரு பக்கெட் உப்புத் தண்ணியில ஒரு வாரம் ஓடுச்சு. ஒரு பிரச்சினையும் இல்லை. உப்பளத்துல கொண்டுபோய் வெச்சோம். மூணாம் நாள் செத்துப்போச்சு.

அந்த நேரம் சித்தப்பா திண்டிவனத்துல ஒரு கல்யாண வேலையா போயிருந்தார். "தம்பி பொட்டி வெச்சிருக்கான், மெசேஜ் வரும்"னு நம்பிப் போனவர். மெசேஜ் வரவே இல்லை. வரலைன்னா டிகிரி இன்னும் ஏறலைன்னுதானே அர்த்தம்? திரும்பி வந்து பார்த்தா 30-ஐத் தாண்டியிருந்தது. திட்டலை. "இன்னாடா தம்பி, உன் பொட்டி தூங்கிடுச்சா?"ன்னு மட்டும் கேட்டார். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு.

யாரும் சாப்பிடலை, ஆனா பானை காலி

போர்டைத் திரும்ப ஆன் பண்ணி, எஸ்.எஸ்.எச். போட்டு உட்கார்ந்து பார்த்தோம். ஃப்ரீ மெமரி கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுகிட்டே இருந்தது. 'டாப்' கமாண்ட்ல பார்த்தா எந்த ப்ராசஸும் பெருசா மெமரி எடுக்கலை. எங்க பைத்தான் ப்ரோகிராமை நிறுத்திட்டுத் திரும்ப ஓட்டினோம். போன மெமரி திரும்பி வரலை. டிரைவர் மாட்யூலையே கழட்டிப் பார்த்தோம். அப்பவும் வரலை.

இங்கதான் அப்ளிகேஷன் கோடுக்கும் டிரைவர் கோடுக்கும் இருக்கற பெரிய வித்தியாசம் புரியணும்.

நாம லேப்ல எழுதற சி ப்ரோகிராம்ல மாலாக் போட்டு ஃப்ரீ பண்ணாம விட்டாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. ப்ரோகிராம் முடிஞ்சதும் ஓ.எஸ். வந்து அந்த ப்ராசஸ் வெச்சிருந்த எல்லா மெமரியையும் வாங்கிக்கும். நமக்குப் பின்னாடி துடைக்க ஒரு ஆள் இருக்கு. டிரைவர் ஓடறது கெர்னலுக்குள்ள. அங்கே துடைக்கிற ஆளே நாமதான். கே-மாலாக்ல வாங்கினதை கே-ஃப்ரீ பண்ணலைன்னா, மெஷினை ரீபூட் பண்ற வரைக்கும் அந்த மெமரி போனது போனதுதான். மாட்யூலைக் கழட்டினாலும் வராது. யார் வாங்கினாங்கன்னு கெர்னல் சாதாரணமா கணக்கு வெச்சுக்கறதில்லை.

இன்னும் மோசம் என்னன்னா, மெமரி தீர்ந்ததும் ஓ.ஓ.எம். கில்லர்னு ஒண்ணு கிளம்பும். நிறைய மெமரி வெச்சிருக்கற ப்ராசஸைத் தேடிக் கொல்றது அதோட வேலை. கெர்னலுக்குள்ள கசிஞ்ச மெமரி எந்த ப்ராசஸ் பேர்லயும் இருக்காது. அதனால தப்பே பண்ணாதவன் சாவான். எங்க கேஸ்ல முதல்ல செத்தது எஸ்.எம்.எஸ். அனுப்பற ப்ரோகிராம். சித்தப்பாவுக்கு மெசேஜ் போகாததுக்கு இதான் காரணம்.

கெர்னல்ல மெமரி கேக்கறதுலயே இன்னொரு நுணுக்கமும் இருக்கு. கேக்கும்போதே எந்த நிலைமையில இருந்து கேக்கறோம்னு சொல்லணும். சாதாரண இடத்துல 'ஜி.எஃப்.பி. கெர்னல்'. இப்போ மெமரி இல்லைன்னா கொஞ்சம் தூங்கிக் காத்திருந்து வாங்கிக்கலாம்னு அர்த்தம். இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ள தூங்கக் கூடாது. அங்கே 'ஜி.எஃப்.பி. அடாமிக்'. இருந்தா உடனே கொடு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. மாத்திக் கொடுத்தா சிஸ்டமே தொங்கலாம்.

அந்த ஒரு வரி

'ஸ்லாப்-டாப்'னு ஒரு டூல் இருக்கு. கெர்னல் எந்தெந்த சைஸ்ல எத்தனை துண்டு கொடுத்திருக்குன்னு காட்டும். அதுல 'கே-மாலாக் 4கே'ங்கற வரிசை மட்டும் ஏறிகிட்டே இருந்தது. எங்க டிரைவர்ல 4096 பைட் கேக்கற இடம் ஒண்ணே ஒண்ணுதான், ரீட் ஃபங்ஷன். அதைத் தமிழ்ல எழுதினா இப்படி இருக்கும்:

1. கே-மாலாக்ல 4096 பைட் பஃபர் கேள்.
2. கிடைக்கலைன்னா 'மெமரி இல்லை'ங்கற எரரோட திரும்பு.
3. சென்சார் ரெடியாகற வரை காத்திரு. நேரம் தாண்டினா 'டைம்-அவுட்' எரரோட திரும்பு.
4. எட்டு ரீடிங் எடுத்து சராசரி போடு.
5. பஃபரை கே-ஃப்ரீ பண்ணு.
6. விடையைக் கொடு.

தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா? மூணாவது வரி. டைம்-அவுட் ஆனா அங்கேயே திரும்பிடறோம். அஞ்சாவது வரிக்கு வர்றதே இல்லை.

லேப்ல ஏன் தெரியலை? லேப்ல டைம்-அவுட்டே ஆகலை. கனெக்டர் புதுசு, வயர் சுத்தம், ஏசி ரூம். மரக்காணத்துல உப்புக்காத்து. ரெண்டே நாள்ல கனெக்டர் முனையெல்லாம் பச்சை பூத்துப்போச்சு. ரெண்டு ரீடிங்ல ஒண்ணு டைம்-அவுட்.

கணக்குப் போட்டுப் பாருங்க. செகண்டுக்கு ஒரு ரீடிங்னா நாளைக்கு 86,400. பாதி ஃபெயில்னா 43,200. ஒவ்வொண்ணுக்கும் 4 கே.பி. ஒரு நாளைக்கு சுமார் 169 எம்.பி. போர்டு பூட் ஆனதும் கையில இருந்தது 400 எம்.பி. சொச்சம். ரெண்டரை நாள் தாங்கும். மூணாம் நாள் செத்தது சரியா பொருந்துதா?

இந்த இடத்துல ஒண்ணு கவனிங்க. மெமரி வாங்கறது கஷ்டமே இல்லை. எல்லாம் நல்லா நடக்கற வழியில திருப்பிக் கொடுக்கவும் நாம மறக்கறதில்லை. மறக்கறது எரர் வர்ற வழியில. அந்த வழியில நாம டெஸ்ட் பண்ணும்போது யாரும் நடந்து பார்க்கறதே இல்லை.

பழைய வழி: கோ-டூ

'கோ-டூ பயன்படுத்தாதே'ன்னு ஃபர்ஸ்ட் இயர்லயே சொல்லிக் கொடுத்தாங்க. லினக்ஸ் கெர்னலைத் திறந்து பாருங்க, எங்கே பார்த்தாலும் கோ-டூதான். கெர்னலோட கோடிங் ஸ்டைல் ஆவணமே, வெளியேற பல வழி இருந்து எல்லாத்துக்கும் பொதுவா சுத்தம் பண்ற வேலை இருந்தா கோ-டூ போடுன்னு சொல்லுது.

காரணத்தை உப்பளத்துல மோட்டார் வைக்கறதை வெச்சே சொல்லலாம். முதல்ல மேடை கட்டணும், அப்புறம் மோட்டாரை ஏத்தணும், பைப் மாட்டணும், கடைசியா கரண்ட். பைப் மாட்டும்போது ஏதோ சரியில்லைன்னா மோட்டாரை இறக்கணும், மேடையைப் பிரிக்கணும். சீசன் முடிஞ்சு எடுக்கும்போது முதல்ல கரண்ட், அப்புறம் பைப், மோட்டார், மேடை. வெச்ச வரிசைக்கு அப்படியே தலைகீழ்.

டிரைவர்ல 'புரோப்'ங்கற ஃபங்ஷன் இதைத்தான் பண்ணுது. டிவைஸ் கிடைச்சதும் கெர்னல் இதைக் கூப்பிடும். மெமரி வாங்கு, ஜி.பி.ஐ.ஓ. பின் வாங்கு, இன்டரப்ட் பதிவு பண்ணு, யூசருக்குத் திறந்துவிடு. நாலாவது படியில தப்பானா மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு பின்னாடியே வரணும். ஒவ்வொரு படிக்கும் ஒரு லேபிள், எங்கே தப்பானதோ அதுக்கேத்த லேபிளுக்கு ஒரு கோ-டூ. டிவைஸைக் கழட்டும்போது வர்ற 'ரிமூவ்' ஃபங்ஷன்லயும் அதே வரிசையை இன்னொரு தடவை எழுதணும்.

இது வேலை செய்யும். ஆனா நடுவுல புதுசா ஒரு படியைச் சேர்த்தா, லேபிள், கோ-டூ, ரிமூவ்னு எல்லா இடத்துலயும் கை வைக்கணும். லினக்ஸ் கெர்னல் கோட்ல பாதிக்கு மேல டிரைவர்கள்தான். அத்தனையிலும் இதே மாதிரி கோட், இதே மாதிரி மறதி.

2007: டெவ்-எம் வந்தது

தேஜுன் ஹியோங்கற கெர்னல் டெவலப்பர் ஹார்ட் டிஸ்க் டிரைவர்களோட லிப்-ஏ.டி.ஏ. பகுதியில வேலை பார்த்துகிட்டிருந்தப்போ இதுக்கு ஒரு தீர்வு கொண்டுவந்தார். 2007-ல வந்த 2.6.21 கெர்னல்ல சேர்ந்தது. பேர் டெவ்-ரெஸ். இதோட ஃபங்ஷன்கள் எல்லாம் 'டெவ்-எம்'னு ஆரம்பிக்கும்.

ஐடியா இதுதான். ஒவ்வொரு டிவைஸோடவும் ஒரு பட்டியல் இருக்கும். நீங்க கே-இசட்-அலாக்குக்குப் பதிலா டெவ்-எம் கே-இசட்-அலாக் கூப்பிட்டா, மெமரியும் கிடைக்கும், அந்தப் பட்டியல்ல ஒரு வரியும் ஏறும். புரோப் நடுவுல ஃபெயில் ஆனாலோ, டிரைவர் டிவைஸை விட்டுப் பிரிஞ்சாலோ, கெர்னலே பட்டியலைக் கடைசியிலிருந்து எடுத்து ஒவ்வொண்ணா விடுவிக்கும். மெமரிக்கு மட்டும் இல்லை, ஜி.பி.ஐ.ஓ., இன்டரப்ட், கிளாக் எல்லாத்துக்கும் டெவ்-எம் வகை இருக்கு. எங்க புரோப்ல இருந்த லேபிள்கள் மொத்தமும் காணாமப் போச்சு. எரர் வந்தா ரிட்டர்ன், அவ்வளவுதான். ரிமூவ் ஃபங்ஷன் தேவையே இல்லாம போச்சு.

(சும்மா ஒரு துணுக்கு: கே-இசட்-அலாக்ல இருக்கற இசட், ஜீரோவைக் குறிக்குது. வாங்கின மெமரியைப் பூஜ்யமாக்கித் தரும். பழைய குப்பை டேட்டா தெரியாம யூசர் கைக்குப் போறதைத் தடுக்க இது நல்ல பழக்கம்.)

இவ்வளவு நல்லா இருக்கேன்னு ரொம்பக் குஷியா நான் ஒரு காரியம் பண்ணேன்.

என் ரெண்டாவது தப்பு

ரீட் ஃபங்ஷன்ல இருந்த கே-மாலாக்கையும் டெவ்-எம்மா மாத்திட்டேன். கே-ஃப்ரீ வரியையும் தூக்கிட்டேன். 'தானா ஃப்ரீ ஆகிடும்ல?'

ஆகும். எப்போ ஆகும்? டிரைவர் டிவைஸை விட்டுப் பிரியும்போது. எங்க டிவைஸ் சீசன் முழுக்கப் பிரியாது. அதுவரைக்கும் செகண்டுக்கு ஒரு பஃபர் பட்டியல்ல ஏறிகிட்டே இருக்கும். முன்னாடி ஃபெயில் ஆனப்போ மட்டும்தான் கசிஞ்சது. இப்போ ஒழுங்கா படிச்சாலும் கசியுது!

இதுல ஒரு கொசுறு வேற. டெவ்-எம் தன்னோட கணக்கு விவரத்தை வைக்க நாம கேட்டதுக்கு மேல கொஞ்சம் பைட் எடுத்துக்கும். 4096 கேட்டா அது 4096-ஐத் தாண்டிடும். கெர்னல்ல அடுத்த துண்டு சைஸ் 8192. ஆக, ஒவ்வொரு ரீடிங்குக்கும் 8 கே.பி. நாளைக்கு 675 எம்.பி. இந்தத் தடவை போர்டு 14 மணி நேரம்தான் தாங்கிச்சு. நல்லவேளை, இதை ஹாஸ்டல் ரூம்ல பக்கெட்டுல வெச்சுப் பார்த்துட்டோம்.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது: டிரைவர்ல எந்த மெமரி வாங்கினாலும் முதல்ல 'இதோட ஆயுசு யாரோட ஆயுசு?'ன்னு கேக்கணும். டிவைஸ் இருக்கற வரைக்குமா? ஒரு ஃபங்ஷன் முடியற வரைக்குமா? ஃபைலை ஓப்பன் பண்ணினவர் க்ளோஸ் பண்ற வரைக்குமா? பதில் தெரிஞ்சுட்டா எந்த ஃபங்ஷன் கூப்பிடணும்னு தானா தெரிஞ்சிடும். டெவ்-எம் முதல் வகைக்கு மட்டும்.

டெவ்-எம்ல விழக்கூடிய இன்னும் ரெண்டு குழியையும் சொல்லிடறேன்.

முதலாவது, பாதி டெவ்-எம், பாதி கைவேலை. பஃபரை கே-மாலாக்ல வாங்கி ரிமூவ்ல நாமளே கே-ஃப்ரீ பண்றோம், இன்டரப்டை மட்டும் டெவ்-எம்ல பதிவு பண்ணியிருக்கோம்னு வெச்சுக்கோங்க. கெர்னல் முதல்ல நம்ம ரிமூவைக் கூப்பிடும். டெவ்-எம் பட்டியலை அதுக்கப்புறம்தான் காலி பண்ணும். நடுவுல இருக்கற சின்ன இடைவெளியில இன்டரப்ட் அடிச்சா, ஹேண்ட்லர் ஏற்கெனவே ஃப்ரீ ஆன பஃபர்ல எழுதும். கரண்டை நிறுத்தாம மோட்டாரைக் கழட்டின கதை. இதுக்குப் பேர் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ. லீக் மெதுவா கொல்லும். இது எப்போ, எங்கே, எப்படிக் கொல்லும்னு சொல்லவே முடியாது.

ரெண்டாவது, யூ.எஸ்.பி. மாதிரி திடீர்னு பிடுங்கக்கூடிய டிவைஸ். ஒரு ப்ரோகிராம் அந்த டிவைஸ் ஃபைலை ஓப்பன் பண்ணி வெச்சிருக்கும்போதே யாரோ வயரைப் பிடுங்கிட்டா, டெவ்-எம் மெமரி ஃப்ரீ ஆகிடும். ஆனா ஃபைல் இன்னும் திறந்திருக்கு. அடுத்த ரீட் எங்கே போய் விழும்? லாரன்ட் பிஞ்சார்ட்ங்கற டெவலப்பர் 2022 லினக்ஸ் ப்ளம்பர்ஸ் மாநாட்டுல, டெவ்-எம் கே-இசட்-அலாக் ஏன் ஆபத்துன்னு ஒரு தனி உரையே கொடுத்தார். அவர் கவலை இதைப் பத்தினதுதான். இப்படிப்பட்ட இடத்துல ரெஃபரன்ஸ் கவுண்ட் வெச்சு, கடைசி ஆள் கையை விட்டப்புறம் ஃப்ரீ பண்றதுதான் முறை.

2023: பிரேஸ் மூடினா ஃப்ரீ

அப்போ ஃபங்ஷனுக்குள்ள மட்டும் வாழற எங்க பஃபருக்கு என்ன வழி? ரொம்ப வருஷமா கோ-டூதான் வழியா இருந்தது. 2023-ல பீட்டர் ஜில்ஸ்ட்ரா கொண்டுவந்த 'க்ளீன்-அப்' ஹெடர் 6.5 கெர்னல்ல சேர்ந்தது. ஜி.சி.சி., க்ளாங் ரெண்டு கம்பைலர்லயும் ரொம்ப நாளா இருந்த ஒரு வசதியை இது பயன்படுத்துது. ஒரு வேரியபிள் ஸ்கோப்பை விட்டு வெளியே போகும்போது நாம சொல்ற ஃபங்ஷனைக் கம்பைலரே கூப்பிடும்.

பாயிண்டரை டிக்ளேர் பண்ற வரியிலயே 'ஃப்ரீ: கே-ஃப்ரீ'ன்னு ஒரு குறிப்பு சேர்த்துடணும். அதுக்கப்புறம் எந்த வரியில ரிட்டர்ன் ஆனாலும் சரி, பஃபர் ஃப்ரீ ஆகும். லாக்குக்கும் இதே மாதிரி 'கார்ட்'னு ஒண்ணு இருக்கு. லாக் போட்டுட்டு எடுக்க மறக்கற பிரச்சினையும் தீர்ந்தது. சி++-ல ஆர்.ஏ.ஐ.ஐ. படிச்சவங்களுக்கு 'அட, இதானா!'ன்னு தோணும். அதேதான், சி-க்குத் தாமதமா வந்திருக்கு.

ரெண்டு எச்சரிக்கை. பாயிண்டரை டிக்ளேர் பண்ணும்போதே மதிப்பையும் கொடுத்துடுங்க. குப்பை மதிப்போட விட்டா, குப்பை அட்ரஸை ஃப்ரீ பண்ணப் போகும். ஒரே ஃபங்ஷன்ல இதையும் கோ-டூவையும் கலக்காதீங்க. கெர்னல் ஆவணமே அப்படித்தான் சொல்லுது.

கேக்காமலே இருக்கலாமே?

இதையெல்லாம் மாத்திட்டு கைடுகிட்ட காட்டினோம். பொறுமையா பார்த்தவர் ஒரே கேள்வி கேட்டார். "எட்டு ரீடிங்குக்கு எதுக்குப்பா 4096 பைட்?"

ஒரு ரீடிங்குக்கு 4 பைட். எட்டுக்கு 32. நாங்க 4096 கேட்டது, 'பின்னாடி தேவைப்படும்'னு. பின்னாடி தேவைப்படவே இல்லை. எட்டு நம்பர் அரேயை டிவைஸ் ஸ்ட்ரக்சருக்குள்ளயே வெச்சோம். ரெண்டு பேர் ஒரே நேரத்துல படிக்காம இருக்க ஒரு மியூடெக்ஸ். ஸ்ட்ரக்சரை புரோப்ல ஒரே ஒரு தடவை டெவ்-எம்ல வாங்கறோம். ரீட் ஃபங்ஷன்ல இப்போ மெமரி வாங்கற வேலையே கிடையாது. அதனால அங்கே லீக் ஆக எதுவும் இல்லை.

அரேயை ஸ்டாக்லயே வெச்சிருக்கலாமேன்னு நினைப்பீங்க. 32 பைட்டுக்குச் சரி. ஆனா பெருசா வைக்கக் கூடாது. 64-பிட் கெர்னல்ல ஒரு த்ரெட்டோட ஸ்டாக் பொதுவா 16 கே.பி.தான். அப்ளிகேஷன்ல கிடைக்கற 8 எம்.பி.யை நினைச்சு அரே போட்டா அடுத்தவன் இடத்துல போய் நிக்கும்.

இது உப்பு விஷயம் மட்டும் இல்லை

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள்ல நீலத்திரை. நம்ம நாட்டு ஏர்போர்ட்கள்ல போர்டிங் பாஸை கையால எழுதிக் கொடுத்தாங்க. க்ரவுட்-ஸ்ட்ரைக் நிறுவனத்தோட விண்டோஸ் கெர்னல் டிரைவர் 21 இன்புட் இருக்கும்னு எதிர்பார்த்தது. வந்தது 20. இல்லாத 21-ஆவதைப் படிக்கப் போய், தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டுச்சு. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் மெஷின் பாதிச்சது. அப்ளிகேஷனா இருந்தா அந்த ஒரு ப்ரோகிராம் மட்டும் செத்திருக்கும். கெர்னல்ங்கறதால மெஷினே செத்துச்சு.

மைக்ரோசாஃப்ட் 2019-ல சொன்னது: வருஷா வருஷம் அவங்க சரிபண்ற பாதுகாப்பு ஓட்டைகள்ல கிட்டத்தட்ட 70 சதவீதம் மெமரி சம்பந்தப்பட்டது. அதனாலதான் 2022 டிசம்பர்ல வந்த 6.1 கெர்னல்ல ரஸ்ட் மொழிக்கு முதல் ஆதரவு வந்தது. 'யாரோட ஆயுசு?'ங்கற கேள்விக்குப் பதில் சொல்லலைன்னா ரஸ்ட் கம்பைலர் கோடையே ஏத்துக்காது. எல்லா டிரைவரும் நாளைக்கே ரஸ்ட்டுக்கு மாறிடாது. சி-யில எழுதின கோட் இன்னும் ரொம்ப காலம் இருக்கும். அதைத் தொடப் போறது நாமதான்.

உங்க ப்ராஜெக்ட்டுக்கு

எம்பெடட் ப்ராஜெக்ட் பண்றவங்க ரிவ்யூவுக்கு முன்னாடி இதையெல்லாம் பண்ணிப் பாருங்க:

- கெர்னலை 'கே-மெம்-லீக்' ஆன் பண்ணி பில்ட் பண்ணுங்க. யாரும் கைல வெச்சிருக்காத மெமரியைத் தேடி, எந்த வரியில வாங்கினதுன்னே சொல்லும். 2009-ல இருந்து கெர்னல்லயே இருக்கு. ஆனா என் ரெண்டாவது தப்பை இது பிடிக்காது. அந்த பஃபர்கள் டிவைஸ் பட்டியல்ல ஒழுங்கா நிக்கறதால, கே-மெம்-லீக் பார்வையில அதெல்லாம் லீக்கே இல்லை. அதுக்கு ஸ்லாப்-டாப்தான்.
- 'கேசான்' ஆன் பண்ணி ஒரு தடவை ஓட்டுங்க. யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீயை நடக்கற இடத்துலயே பிடிச்சுக் கொடுக்கும். மெதுவாகும், டெஸ்ட்டுக்கு மட்டும் போதும்.
- மாட்யூலை நூறு தடவை ஏத்தி இறக்குங்க. முன்னாடியும் பின்னாடியும் மெமரியை ஒப்பிட்டுப் பாருங்க.
- எல்லாத்தையும் விட முக்கியமா, சென்சார் வயரைப் பிடுங்கிட்டு ஒரு மணி நேரம் ஓட விடுங்க. இந்த டெஸ்ட்டை லேப்ல பண்ணியிருந்தா எங்க பக் முதல் பத்து நிமிஷத்துலயே தெரிஞ்சிருக்கும்.

மாத்தின டிரைவரோட போர்டை இந்த மாசம் திரும்ப மரக்காணம் கொண்டுபோனோம். கனெக்டரை சிலிகான் வெச்சு மூடியிருக்கோம். இன்னொண்ணும் மாத்தினோம். டிகிரி ஏறினா மட்டும் மெசேஜ்னு இருந்ததை, தினமும் காலையில ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் 'நான் உயிரோட இருக்கேன், இப்போ இத்தனை டிகிரி'ன்னு வர்ற மாதிரி பண்ணியிருக்கோம். மெசேஜ் வரலைன்னா பொட்டி செத்துடுச்சுன்னு அர்த்தம்.

நான் இதை எழுதற இன்னிக்கு இருபத்தி மூணாவது நாள். ஸ்லாப்-டாப்ல அந்த வரிசை அசையலை. சித்தப்பா மட்டும் இன்னும் ஹைட்ரோமீட்டரை எடுத்துகிட்டு வெயில்ல போய்ப் பார்க்கறார். முன்னாடி நாலஞ்சு தடவை, இப்போ ரெண்டு தடவை. "உன் பொட்டியும் இதுவும் ஒண்ணா சொல்லுதான்னு பார்க்கறேன், அவ்ளோதான்"ங்கறார். இந்த சீசன் முடியறதுக்குள்ள அதை ஒரு தடவையா குறைச்சுடணும்னு எனக்கு ஆசை.